உரிமை கோரப்படாத வாக்கியங்கள்

நுஸ்ஹாவும் தக்சாயினியும் சேர்ந்து ஒரு நாவல் எழுதுகிறார்கள், கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி என்ற செய்தி இணைப்படைப்புப் பேரவைக்கு எட்டிய அன்றே அவர்கள் மீது சந்தேகம் விழுந்துவிட்டது. செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் அவர்களேதான்.

நுஸ்ஹா நற்பிட்டிமுனைக்காரி. கல்முனைப் பிரதான வீதியில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. தக்சாயினி கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். இப்போது மருத்துவமாதாக ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிறாள். ஒரே டியூசன் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து உயர்தரம் படித்தவர்கள். நாலு வருஷமாகச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பாமசியின் பின்னறையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில், ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு எழுதினார்கள். ஒருத்தி சொல்லுவாள், மற்றவள் அடிப்பாள். பாதியில் "அப்படி இல்லகா, இப்படி வை" என்று மற்றவள் திருப்புவாள். பின்னேரம் ஐந்து மணிக்குத் திரையில் என்ன நிற்கிறதோ அதுதான் நாவல்.

நாவலின் பெயர் 'வட்டவிதானையின் மகள்'. வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் வட்டவிதானை ஒருவர் பாயில் விழுந்துவிட, மகள் அந்த வேலையை எடுத்து நடத்துகிறாள். ஒரு பக்கம் முஸ்லிம்களின் வயல், மறுபக்கம் தமிழர்களின் வயல், இருக்கிற தண்ணீர் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் காணும். கடைசி அத்தியாயத்தில் அவள் வாய்க்கால் தண்ணீரை விடுகிற துரிசுக் கதவைத் திறக்கவேண்டும். எந்தப் பக்கம் என்பதை இரண்டு பேரும் இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்த நேரத்தில்தான் பேரவையின் அறிவித்தல் பத்திரிகையில் வந்தது. இரு சமூகத்தவர் இருவர் இணைந்து எழுதும் நாவலின் முதல் வரைவைப் பேரவை பரிசோதித்து, உறுதிப்படுத்தி, அச்சிட்டுத் தரும் என்று போட்டிருந்தது. நுஸ்ஹாவின் கணவர் நிப்றாஸ் வாசித்துவிட்டு, "பரிசோதிக்கிறதுக்கு என்ன இரிக்கி? எதுக்கும் நாலு கொப்பி எடுத்து வெச்சிட்டுப் போங்க" என்றார். நுஸ்ஹா சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பேரவை ஒரு டைல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. தலைவர் சொற்கடல் அல்ஹாஜ் காலிதீன். 'சொற்கடல்' என்பது பேரவை கொடுத்த பட்டம். கொடுத்தபோது இருந்த தலைவரும் அவரே. செயலாளர் சாமித்தம்பி முப்பது வருஷம் காணி அளந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மேசையில் ஒரு நீண்ட அடிமட்டமும் கூர் சீவிய ஆறு பென்சிலும் இருந்தன.

"முதல்ல நீங்க ரெண்டு பேரும் ரெண்டு பேர்தானா எண்டு பாக்கணும்," என்றார் தலைவர்.

சாமித்தம்பி இரண்டு அடையாள அட்டைகளையும் வாங்கி, அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி அட்டையைப் பார்த்து, படிவத்தில் 'இரண்டு' என்று எழுத்தில் எழுதி, அடைப்புக்குள் இலக்கத்திலும் எழுதினார்.

"குறை நினைக்காதீங்க மகள்மாரே," என்றார் தலைவர். "தனியா எழுதுறவன நம்பலாம். அவன் பொய் சொன்னாலும் ஒரு பொய்தான். ரெண்டு பேர் சேந்து எழுதினா, அதில ஆரோ ஒராள் எழுதல்ல எண்டு அர்த்தம். அந்த ஒராளக் கண்டுபுடிக்கத்தான் இந்தப் பேரவையே."

"இணைப்படைப்ப வளக்கத்தான் பேரவை எண்டு பேப்பர்ல கிடந்திச்சே ஸேர்?" என்றாள் தக்சாயினி.

"வளக்கிறதெண்டா முதல்ல களை புடுங்கணும்தானே."

நுஸ்ஹா அச்செடுத்த நாவலை மேசையில் வைத்தாள். "ஸேர் வாசிச்சுப் பாத்தீங்கெண்டா ரெண்டு பேர்ட கையும் தெரியும்."

தலைவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். "வாசிக்கிறதா? நான் இருநூத்திப் பதினாலு நூல் வெளியீட்டுக்குத் தலைமை தாங்கி இரிக்கன். அல்லாஹ்வுக்காகச் சொல்றன், ஒண்டையும் திறந்ததில்ல. திறந்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும். தலைவர் எண்டா நடுநிலைம முக்கியம்."

பக்கங்களைத் திறந்தது சாமித்தம்பிதான். அடிமட்டத்தை வைத்துத் திருப்பிக்கொண்டே போனவர் முப்பதாம் பக்கத்தில் நின்றார். "இதில ஒரு வெட்டும் இல்லையே மிஸ்."

"கொம்பியூட்டர்ல அடிச்சது ஸேர். பிழையெல்லாம் அங்கங்கேயே திருத்திட்டம்."

"திருத்திட்டீங்களா?" அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "திருத்தினா அது இரண்டாம் வரைவு மிஸ். எங்களுக்கு அதிகாரம் முதல் வரைவுக்கு மட்டும்தான். இத எங்க இருந்தோ பாத்து எழுதினீங்களோ எண்டும் கேள்வி வரும். நூறு பக்கத்துக்குப் பத்துப் பிழையாவது இருந்தாத்தான் முதல் வரைவு எண்டு ஏத்துக்கொள்ளலாம்."

நாவல் நானூறு பக்கம். இரண்டு சனிக்கிழமைகளை நாற்பது பிழை போடுவதற்காகவே ஒதுக்கினார்கள். நுஸ்ஹாவுக்குக் கை வரவில்லை. பதினாறு வருஷம் மருந்துத் துண்டில் ஒரு எழுத்துப் பிசகினால் ஆள் போய்விடும் என்று பயந்து வளர்ந்த கை. தக்சாயினி, "கண்ண மூடிட்டுப் போடுகா, ஊசி மாதிரி" என்று பக்கத்தில் இருந்து தைரியம் சொன்னாள். ஆறாம் அத்தியாயத்தில் மௌத்தாகி அடக்கம் செய்யப்பட்ட மாமா ஒன்பதாம் அத்தியாயத்தில் தேத்தண்ணி குடித்தார். ஒரு எருமை பக்கம் மாறும்போது பசுவானது. சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு நொந்தது. அதுதான் அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசிச் சனிக்கிழமை என்று அப்போது தெரியாது.

சாமித்தம்பி பிழைகளை எண்ணி முப்பத்தெட்டைத்தான் ஏற்றார். மீதி இரண்டும் சரியாகவே இருக்கின்றன என்றார். பார்த்தால், உண்மையாகவே சரியாகத்தான் இருந்தன. இன்னும் இரண்டு பிழை போட்டுக் கொடுத்தார்கள்.

அதன்பிறகு அளவை தொடங்கியது.

"எல்லை தெரியாத காணியால எத்தின குடும்பம் கோட்டு வழக்கெண்டு போய்க் கெட்டுது தெரியுமா மிஸ்?" என்றார் சாமித்தம்பி. "அண்ணன் தம்பிதான், ஒரே பானையில சோறு திண்டவங்கதான். வேலி இல்லாததுதான் பிழை. வசனமும் அப்படித்தான். எது ஆருட எண்டு இப்பவே கல்லுப் போட்டு வெச்சிட்டா பிறகு பிரச்சின இல்ல."

"எங்களுக்குள்ள பிரச்சின இல்ல ஸேர்."

"அதத்தான் எல்லாரும் சொல்ற."

நாவலில் மூவாயிரத்து நூற்றியெட்டு வாக்கியங்கள். அவர் பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டிருந்தார். நுஸ்ஹா புதன்கிழமைகளில் வரவேண்டும், தக்சாயினி வியாழக்கிழமைகளில். ஒவ்வொரு இலக்கமாக அவர் காட்டுவார். 'நான்' அல்லது 'அவ' என்று பதில் சொல்லவேண்டும். 'ரெண்டு பேரும்' என்ற பதில் படிவத்தில் இல்லை. இந்தக் காலத்தில் இருவரும் இதைப் பற்றித் தங்களுக்குள் கதைக்கக்கூடாது என்று ஒரு கடதாசியில் ஒப்பமும் வாங்கிக்கொண்டார்.

முதல் புதன்கிழமைகளில் நுஸ்ஹா நேர்மையாகத்தான் சொன்னாள். நேர்மையாகச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லாவற்றையும் தக்சாயினி சொன்ன மாதிரியும் கிடந்தது. தான் அடித்த மாதிரியும் கிடந்தது. நல்ல வாக்கியங்கள் வரும்போது தக்சாயினியின் குரலில்தான் அவை காதில் கேட்டன. "அவ," என்றாள். "அவ. அவ. நான். அவ."

சாமித்தம்பி எழுதிக்கொண்டே, "ம்" என்பார். ஒருநாள் 'ம்' சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பென்சிலைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"என்ன ஸேர்?"

"ஒண்டுமில்ல. போன கிழமை நீங்க சொன்ன வசனங்கள தக்சாயினி மிஸ் வேற மாதிரிச் சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"அதச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. நீங்க ஒங்கட பதிலச் சொல்லுங்க."

அன்று பஸ்ஸில் போகும்போது நுஸ்ஹா யோசித்தாள். வேற மாதிரி என்றால் என்ன மாதிரி? 'அவ' என்று இவள் சொன்னதை அவள் 'நான்' என்று சொல்லியிருந்தால் அது ஒத்துப்போகும், வேறு மாதிரி இல்லை. அப்போ? கணக்கு அவளுக்கு அங்கேயே பிடிபட்டிருக்க வேண்டும். ஆனால் சந்தேகம் உள்ளே வந்துவிட்டால் கணக்கு வெளியே போய்விடும்.

ஐந்தாவது புதன்கிழமை படிவம் 4(ஆ) வந்தது. அதில் ஒரே ஒரு கேள்வி: 'இணைப்படைப்பாளர் மீது தங்களுக்குள்ள சந்தேகங்கள் (குறைந்தது மூன்று).'

"எனக்கு ஒண்டும் இல்ல ஸேர்," என்று வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"பூர்த்தியாகாத படிவம் எடுக்கேலா மிஸ். ஒங்கட நாவல்ட முழுக் கோவையும் நிக்கும். சும்மா யோசிச்சுப் பாருங்க. மனுசர்தானே, மூணு கூடவா இல்லாமப் போகும்?"

அவள் யோசித்தாள். ஒன்று: சனிக்கிழமைகளில் பிந்தி வருவாள். இரண்டு: குறிப்புக் கொப்பியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். மூன்றாவதுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. கடைசியில், 'எனக்குத் தெரியாமல் கடைசி அத்தியாயத்தைத் தனியாக எழுதக்கூடும்' என்று எழுதி ஒப்பமிட்டாள்.

எழுதும் வரை அது ஒரு பொய். எழுதி ஒப்பம் வைத்துப் படியிறங்கி வந்த பிறகு அது அப்படி இருக்கவில்லை. ஏன் பிந்தி வருகிறாள்? கொப்பியை ஏன் கொண்டுபோகிறாள்? நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது அதைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாளா?

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் பின்னறையில் இருந்தார்கள். கடைசி அத்தியாயத்தில் ஒரு வரியும் நகரவில்லை.

"நீங்க சொல்லுங்க, நான் அடிக்கன்," என்றாள் நுஸ்ஹா.

"இல்ல, நீங்க சொல்லுங்க," என்றாள் தக்சாயினி.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் 'நீங்க' போட்டுக் கதைத்தார்கள். இருவருக்கும் அது கேட்டது. இருவரும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

நுஸ்ஹா மடிக்கணினிக்குக் கடவுச்சொல் போட்டாள். தக்சாயினி வந்து திறக்கப் பார்த்து, கையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் இருந்தாள். கேட்காதது நுஸ்ஹாவுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. மறு கிழமை தக்சாயினி, டெங்கு வேலை இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிட்டு வரவில்லை. அதற்கு மறு கிழமை நுஸ்ஹா தானே, கடையில் ஆளில்லை என்று போட்டாள். கடையில் ஆள் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் போகும்போது, டைல் கடைக்கு முன்னால் தக்சாயினியின் ஸ்கூட்டி நிற்பதை நுஸ்ஹா கண்டாள். செவ்வாய்க்கிழமை யாருடைய நாளும் இல்லை. வெயிலில் பத்து நிமிஷம் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள். யாரும் இறங்கி வரவில்லை. சாப்பிடாமலே கடைக்குத் திரும்பினாள். வீட்டில் நிப்றாஸிடம் சொன்னபோது, "நான் அப்பவே சொன்னன்தானே, கொப்பி எடுத்து வைங்க எண்டு" என்றார். அவர் ஏதோ ஆறுதலாகத்தான் சொன்னார்.

அடுத்த இரண்டு புதன்கிழமைகளிலும் நுஸ்ஹாவின் பதில் மாறியது. "நான்," என்றாள். சாமித்தம்பி இலக்கத்தைக் காட்டி முடிக்கும் முன்பே "நான்" என்றாள். அவற்றில் சில அவளுடையவைதான். பல அவளுடையவை இல்லை என்று அவளுக்குத் தெரியும். சாமித்தம்பி ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார்.

இதற்கிடையில் பேரவையிடமிருந்து கடிதம் வந்தது. முதல் வரைவு நிறைவு விழா ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒரு கலியாண மண்டபத்தில். வரவேற்புரை, வரவேற்புரை வழங்குபவரை வரவேற்கும் உரை, தலைமையுரை, ஐந்து வாழ்த்துரை, நன்றியுரை. நாவலாசிரியர்களின் பெயர் அழைப்பிதழின் பின்பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்கு மேலே இருந்தது.

நுஸ்ஹா தலைவருக்குப் போனில் கோல் எடுத்தாள். "ஸேர், கடைசி அத்தியாயம் இன்னும் எழுதல்ல."

"அதுக்கென்ன மகள்?"

"வரைவு முடியல்ல ஸேர். முடியாததுக்கு எப்படி நிறைவு விழா?"

"நீங்க தலகீழா விளங்கி வெச்சிரிக்கிங்க. முடிஞ்சதால விழா இல்ல. விழா முடிஞ்சா வரைவு முடிஞ்சது. மண்டபம் எடுத்தாச்சு, பொன்னாட வந்துட்டு, சாப்பிடப் பட்டிஸ் சொல்லியாச்சு. இனி நாவல் வந்து குறுக்க நிக்கப் போகுதா?"

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி விழா பதினொன்றுக்குத் தொடங்கியது. முன்வரிசையில் நுஸ்ஹாவுக்கும் தக்சாயினிக்கும் நடுவில் ஒரு கதிரை காலியாகக் கிடந்தது. அதில் தக்சாயினி தன் கைப்பையை வைத்திருந்தாள். குர்ஆன் கிராஅத் ஓதி முடிந்து, குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரையாளரை ஒருவர் வரவேற்றுக்கொண்டிருந்தபோது, சாமித்தம்பி வந்து இருவர் கையிலும் ஆளுக்கொரு தடித்த அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் பக்கத்தில் முடிவு இருந்தது. நுஸ்ஹா முப்பத்தொரு வீதம். தக்சாயினி இருபத்தேழு வீதம். உரிமை கோரப்படாத வாக்கியங்கள் நாற்பத்திரண்டு வீதம். அதற்குக் கீழே: 'தகராறுக்குரிய வாக்கியங்கள்: இல்லை. இதற்கென நியமிக்கப்பட்ட மூவர் குழு மூன்று முறை கூடிக் கலைந்தது.'

நுஸ்ஹாவுக்கு விளங்கவில்லை. பின்னால் புரட்டினாள். வாக்கியங்கள் இலக்க வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு நிரல்கள்: அவள் என்ன சொன்னாள், தக்சாயினி என்ன சொன்னாள், எந்தத் திகதியில்.

212. 'வாப்பாவின் கையைக் கழுவிவிட்டாள். சேறு போன இடத்தில் வயசு தெரிந்தது.' நுஸ்ஹா: அவ. தக்சாயினி: அவ.

640. 'தண்ணீர் வந்த அன்று ஊரில் யாரும் யாரோடும் கதைக்கவில்லை, எல்லாரும் வாய்க்காலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.' நுஸ்ஹா: அவ. தக்சாயினி: அவ.

இப்படியே ஆயிரத்து முந்நூற்றைந்து வாக்கியங்கள். நாவலில் நல்லது என்று அவள் நினைத்ததெல்லாம் அதற்குள் கிடந்தது. இவள் அவளுடையது என்று சொல்லியிருக்கிறாள், அவள் இவளுடையது என்று சொல்லியிருக்கிறாள். இதைத்தான் சாமித்தம்பி 'வேற மாதிரி' என்றிருக்கிறார்.

கடைசிப் பக்கங்களுக்குப் போக அவளுக்குப் பயமாக இருந்தது. போனாள். தான் பொய் சொன்ன இரண்டு புதன்கிழமைகள். நுஸ்ஹா: நான். நுஸ்ஹா: நான். நிரல் முழுக்க 'நான்' நின்றது, பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு எழுதின மாதிரி. எதிரே, மறுநாள் வியாழக்கிழமைகளின் திகதி போட்டு, தக்சாயினி: அவ. தக்சாயினி: அவ. கணினிக்குக் கடவுச்சொல் போட்ட பிறகு, 'நீங்க' போட்டுக் கதைத்த பிறகு, வராமல் விட்ட பிறகு. அப்போதும் 'அவ'. தகராறு இல்லை என்று அறிக்கை எழுதியதற்குக் காரணம் அதுதான். முப்பத்தொன்றுக்கும் இருபத்தேழுக்கும் நடுவிலுள்ள நாலு வீதமும் என்னவென்று அந்த மண்டபத்தில் நுஸ்ஹா ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் எழும்பிப் போய், கதிரையில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதில் இருந்தாள்.

"தக்சி, கொஞ்சம் வெளியில வா."

மண்டபத்துக்குப் பின்னால் சமையலறை. பட்டிஸ் தட்டுகள் கடதாசி மூடிக் கிடந்தன. கதைப்பதற்கு வேறு இடம் இருக்கவில்லை.

"கடைசிப் பக்கத்தில இரிக்கிற நூத்திச் சொச்சம் என்ட இல்ல," என்றாள் நுஸ்ஹா. "கோபத்தில சொன்னன். பொய்."

தக்சாயினி அறிக்கையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். "ஏன் கோபம்?"

"நீ செவ்வாய்க்கிழமை அங்க போனாய். ஸ்கூட்டியக் கண்டன்."

"டைல் கடைக்காரர்ட மருமகளுக்கு ஏழு மாசம். பிரஷர் வேற. கடைக்குப் பின்னாலதான் வீடு. செவ்வாய்க்கு செவ்வாய் போகாம என்ன செய்யிற?"

பதினாறு வருஷமாக அந்த மருமகளைப் போல ஆட்களுக்கு மருந்து கட்டிக் கொடுக்கிறவள் நுஸ்ஹா.

"நானும் எழுதிக் குடுத்தன், அந்த நாலு ஆவன்னாவ. எனக்கு ரெண்டு கிழமை பிந்தித்தான் தந்தாரு," என்றாள் தக்சாயினி. "ஒண்டு, கதாநாயகிக்கு ஒன்ட உம்மாட பேர என்னட்டக் கேக்காம வெச்சாய். ரெண்டு, கொம்பியூட்டரப் பூட்டினாய். மூணாவது என்ன எழுதுறதெண்டு தெரியல்ல. 'அவளுக்கு என்மேல சந்தேகம் இருக்கு' எண்டு எழுதினன்."

"அது மட்டும் சரி," என்றாள் நுஸ்ஹா.

தக்சாயினி ஒரு பட்டிஸை எடுத்துப் பாதியாக உடைத்து, பாதியை அவளிடம் நீட்டினாள். ஒலிபெருக்கியில் தலைவரின் உரை தொடங்கியிருந்தது.

"சபையோர்களே, நாற்பத்திரண்டு வீதம் உரிமை கோரப்படாமல் கிடக்கிறது. யாருமில்லாத பொருள் யாருக்குச் சொந்தம்? பேரவையின் பிரமாணம் பத்தொன்பது சொல்கிறது, பேரவைக்கே சொந்தம். ஆகவே இந்த நாவலின் பிரதான ஆசிரியர் பேரவை. பேரவை என்பது ஓர் ஆள் அல்ல. அதற்குத் தோள் கிடையாது. தோள் இல்லாத ஒன்றுக்குப் பொன்னாடை போர்த்த ஏலாது. எனவே மிகுந்த சங்கடத்தோடு எனது தோளை இரவல் கொடுக்கிறேன்."

கை தட்டினார்கள். தலைவர் தொடர்ந்தார். "இந்த நாவலை எழுதியபோது நான் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல."

"தக்சி," என்றாள் நுஸ்ஹா, "அந்தப் புள்ள துரிச எந்தப் பக்கம் திறக்கும்?"

"இப்ப கேக்குறாய்?"

"வேற எப்ப கேக்குற? நான் தனிய எழுதிப் பாத்தன். மூணு வரி வந்திச்சி. சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு தரம் எண்ட மாதிரிக் கிடந்திச்சி."

"நான் அதுவும் எழுதல்ல."

மூலையில் மிஞ்சிப்போன நிகழ்ச்சி நிரல்கள் கட்டாகக் கிடந்தன. பின்பக்கம் வெறுமை. தக்சாயினி ஒரு கட்டை இழுத்து எடுத்தாள். நுஸ்ஹாவின் கைப்பையில் பேனை இருந்தது. பட்டிஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நின்றபடியே தொடங்கினார்கள். ஒருத்தி சொன்னாள், மற்றவள் எழுதினாள். "அப்படி இல்லகா," என்று பேனை கை மாறியது. ஐந்து வாழ்த்துரைகளும் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தன. மேடையில் 'துணைப் படைப்பாளிகள்' என்று இருவரையும் இரண்டு தரம் கூப்பிட்டார்கள். யாரும் வராததால் பொன்னாடைகளை வாழ்த்துரை சொன்ன இருவருக்குப் போர்த்தினார்கள். ஒன்பது பக்கம் ஆனபோது தக்சாயினி பேனையை மூடினாள்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

இருவரும் பக்கங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்டும் குத்தும் எண்ணெய்க் கறையுமாக இருந்தது.

சாமித்தம்பி பட்டிஸ் எடுக்க வந்தார். "இங்கயா நிக்கிறீங்க? ஒப்பம் ஒண்டு பாக்கி மிஸ்." பிறகு கடதாசிகளைக் கண்டார். "இது என்ன?"

"கடைசி அத்தியாயம் ஸேர். முதல் வரைவு இப்பதான் முடிஞ்சது."

"அப்படி இருக்கேலாதே." அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பன்னெண்டு இருபதுக்கே முடிஞ்சிட்டு எண்டு தலைவர் அறிவிச்சாரு. நான் பதிஞ்சிட்டன். அதுக்குப் பிறகு எழுதினது பதிவில வராது."

"அப்ப இது ஆருட ஸேர்?" என்றாள் தக்சாயினி.

அவர் காணி அளந்த ஆளாக நின்று யோசித்தார். "பதிவில இல்ல. அளவையிலயும் இல்ல. பேரவை இதக் கேக்கேலா. ஒருத்தரும் கேக்கேலா. வெச்சிருக்கிற ஆள் வெச்சிரிக்கலாம்."

"மத்ததெல்லாம்?"

"அது பேரவைட அலுமாரிக்குள்ள போகும். அச்சடிக்கிறதெண்டா ஆராவது பிழைய வாசிச்சுத் திருத்தணும். பேரவையில வாசிக்க ஆளில்ல."

ஒலிபெருக்கியில் நன்றியுரைக்குச் செயலாளரை அழைத்தார்கள். அவர் போகவில்லை. ஒன்பது பக்கங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூவாயிரத்து நூத்தியெட்டு வசனத்தையும் எண்ணினன் மிஸ். எண்ணினனே ஒழிய வாசிக்கல்ல. அந்தப் புள்ள என்ன செஞ்சா? திறந்தாவா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதில நிண்டே வாசிங்க ஸேர்," என்றாள் நுஸ்ஹா.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்து, பழக்கத்தில் முதல் வாக்கியத்துக்கு முன்னால் '1' என்று போட்டார். இரண்டாவதுக்கு '2' போட்டார். மூன்றாவதுக்குப் போடவில்லை. மண்டபத்தில் அவர் பெயரை மறுபடி கூப்பிட்டார்கள். அவர் பக்கத்தைத் திருப்பினார். நுஸ்ஹா கடதாசியின் இடது மூலையையும் தக்சாயினி வலது மூலையையும் இறுக்கிப் பிடித்தபடி, அவர் வாசித்து முடிக்கும் வரை விடாமல் நின்றார்கள்.